மடங்கி விழுந்த வரி

செவ்வாய், இரவு

இன்று என்னால் ஒருவர் செத்திருப்பார்.

மதியம் கிள்ளான் மருத்துவமனையின் கணினித் திரைகள் எல்லாம் நின்றுவிட்டன. பின்னால் விவரங்களை வைத்திருக்கும் தரவுத்தளம் மட்டும் ஓடியது. அதைப் பராமரிக்கும் எங்கள் சுபாங் ஜெயா அலுவலகத்தில் நான் கறுப்புத் திரையில் கட்டளை அடித்து, நோயாளி விவரங்களைக் கிள்ளான் வார்டுக்குப் போனில் வாசித்தேன். தாதி சாந்தி அக்கா கேட்டார்.

"ஏழாம் கட்டில், காப்பார் ஊரு அங்கிள். அலர்ஜி இருக்காம்மா?"

"ஒன்னும் இல்லக்கா."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அட்டவணை திரையைவிட அகலம். ஒவ்வொருவரின் வரியும் மடங்கி மூன்று வரிகளாக விழுந்திருந்தது. நான் படித்த 'இல்லை' அவர் பெயருக்கு மேலே இருந்தது, அதாவது முந்தைய நோயாளியுடையது. விவரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி மாற்றினேன். ஏழாம் கட்டில்: பெனிசிலின், கடும் ஒவ்வாமை.

மூன்றாம் முறை அழைத்தபோதுதான் அக்கா எடுத்தார்.

"அக்கா, ஊசி போட்றாதீங்க! தப்பா படிச்சிட்டேன்!"



"பெனிசிலின் ஊசி கையிலதான் இருக்கு லா. அங்கிள் டாய்லெட் போயிருக்காரு, அதான் நிக்கிறேன்."

மேலாளரிடம் நானே சொல்லிவிட்டேன். நாளை விசாரணை. அதைவிட, அங்கிள் அப்போது கழிப்பறைக்குப் போகாமல் இருந்திருந்தால் என்றுதான் நினைப்பு ஓடுகிறது.

மாலையில் மனம் கேட்காமல் கிள்ளானுக்குப் போனேன். அங்கிள் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"யாரும்மா நீ?"

"கம்ப்யூட்டர் பாக்க வந்தேன் அங்கிள்."

"சாப்பிட்டியா?" என்று ஒரு பிஸ்கட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். தின்னாமல் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.