ஏழாம் நம்பர் பாட்டில்

பாசமுள்ள சலீம் அண்ணே,

லப்பைக்குடிக்காட்டில் உங்களை அடக்கம் செய்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் பார்த்த லேப் அசிஸ்டென்ட் வேலைக்கு இன்னும் யாரையும் போடவில்லை. நம் ஆய்வகத்தில் பாதி இடத்தை உடைந்த பெஞ்சுகள் பிடித்துக்கொண்டன. மீதியில் நானும் நீங்கள் அடுக்கிவைத்த உப்பு பாட்டில்களும்.

ஒரு தப்புப் பண்ணிவிட்டேன் அண்ணே. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

செய்முறைத் தேர்வில் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டிய உப்பின் பெயரை முதல் நாளே சொல்லிவிடும் பழக்கம் நம் லேபில் கிடையாது. பாட்டிலில்கூட நம்பர்தான் எழுதுவீர்கள். "பேரச் சொல்லிட்டா அப்புறம் உப்பு எதுக்கு தங்கச்சி? பேப்பரே போதுமே" என்பீர்கள். நீங்கள் போன பிறகு வந்த முதல் தேர்விலேயே நான் சொல்லிவிட்டேன். வருஷம் முழுக்கச் சோதனைக் குழாயையே தொடாத பிள்ளைகள். பயந்துவிட்டேன். ஏழாம் நம்பர், கால்சியம் கார்பனேட், அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும் என்று மனப்பாடம் செய்யவைத்தேன்.

தேர்வில் எல்லோரும் "பொங்கியது" என்று எழுதிவிட்டார்கள். தமிழரசி மட்டும் "மாற்றம் இல்லை" என்று எழுதியிருந்தாள். அவள் அப்பா ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். அந்தக் கல்லில் எலுமிச்சம்பழம் பிழிந்து நுரை பார்த்தவள் அவள்.

"நுரை வந்துச்சுன்னு எழுதுடி" என்றேன், காதருகே.

"வரலயே டீச்சர்?"

"மார்க் போயிடும். அடிச்சுட்டு எழுது."

எழுதினாள். முழு மதிப்பெண்.

எல்லோரும் போன பிறகுதான் உங்கள் நோட்டைப் புரட்டினேன். நீங்கள் எழுதும் ஒன்றின் தலையில் ஒரு கொக்கி இருக்குமே, பார்க்க ஏழு மாதிரியே, அதை மறந்தே போனேன். ஏழென்று நான் எடுத்துக்கொடுத்தது ஒன்றாம் நம்பர், அம்மோனியம் குளோரைடு. அது எப்படிப் பொங்கும்? அத்தனை பேரில் கண்ணால் கண்டதை எழுதியவள் அவள் ஒருத்திதான்.

இப்போது அவள் பிளஸ் டூ. நேற்று லேபில் ஒரு சோதனை வைத்தேன். குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேனாவைத் திறந்துகொண்டு கேட்கிறாள்:

"என்ன வரணும் டீச்சர்?"



திங்கட்கிழமை அந்த ஒன்றாம் நம்பர் பாட்டிலை வகுப்புக்கு எடுத்துப்போகிறேன். அன்றைக்கு அவள் எழுதியதுதான் சரி, அடிக்கச் சொன்னவள் நான் என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். அவள் என்னை நம்புவாளா, தெரியாது. ஆனால் இனி எந்தப் பிள்ளைக்கும் பெயரைச் சொல்லமாட்டேன். இது சத்தியம் அண்ணே.

இப்படிக்கு,
பேரைச் சொல்லிவிட்ட உங்கள் தங்கச்சி,
கெமிஸ்ட்ரி டீச்சர்