ரேடியோ செட்டும் முறுக்கு டப்பாவும்

ரெட்டியார்பாளையம்,
புதுச்சேரி.

அன்பு மகள் தஸ்லீமுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும் உன் அம்மாவும் சுகம், என் மனம் மட்டும் ஒரு நிலையில் இல்லை. அந்தமானுக்கு விமான டிக்கெட் எடுத்ததிலிருந்து, நீ இங்கே விட்டுப்போன உன் ஹாம் ரேடியோ செட்டைப் பையில் வைப்பதும் வெளியே எடுப்பதுமாக இருக்கிறேன். போன புயலில் அங்கே போன் வேலை செய்யாமல் போய், உன் குரல் வரும்வரை அம்மா சோற்றைத் தொடவில்லை, அது மறுபடி நடக்கக் கூடாது என்றுதான் கொண்டு வருகிறேன். நம் பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி தினமும் அவர் செட்டில் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் எங்களுக்கு வந்து சேரும்.

பேட்டரியைக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டிக் கைப்பையில் வைத்துவிட்டேன், அது பெரிய பெட்டியில் போகக் கூடாதாம். ஏரியல் கம்பியைச் சுருட்டித் துணிகளுக்கு நடுவே வைத்தாயிற்று. மிச்சம், நீ காலேஜில் படிக்கும்போது நான் முறுக்கு டப்பாவுக்குள் செய்து கொடுத்த பவர் சப்ளை, இரண்டு ஒயர் வெளியே தொங்குமே, அதுதான். கலியமூர்த்தி பார்த்துவிட்டு, "யோவ் உசேனு, இத்த ஸ்கேன்ல பார்த்தான்னா ஏர்போர்ட்டே காலியாயிடும்யா" என்று சிரித்தார். அவர் சிரிக்கலாம். டிக்கெட்டில் இருப்பது என் பெயர் அல்லவா.

பழகிப் பார்ப்போம் என்று தாம்பாளத்தில் செட்டை வைத்து அம்மாவை அதிகாரி மாதிரி கேட்கச் சொன்னேன். "இது என்னா பெரியவரே" என்றாள். நான் அலைவரிசையிலிருந்து ஆரம்பித்தேன், பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. "இப்பிடி முழிச்சா நானே உங்கள புடிச்சி வெச்சுடுவேன், பொண்ணு பேசறதுக்கு ரேடியோன்னு சொல்லுங்க, போதும்" என்றாள். அப்போதுதான் பெயர் விஷயத்தை அவளிடம் சொன்னேன். பிறகு, "பேர மாத்திக்கவா முடியும், டப்பாவ மாத்துங்க" என்று அதைத் தூக்கி பீரோ மேல் வைத்துவிட்டாள்.

சரிதான் என்று படுகிறது. நீ அங்கே ஒரு பவர் சப்ளை வாங்கி வை. செட்டை அவர்கள் கேட்பதற்கு முன் நானே எடுத்துக் காட்டுவேன். கேட்டால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று முதலில் எழுதினேன், மேலே அடித்திருப்பது அந்த வரிதான். கொடுக்க மாட்டேன். மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்வேன், மெதுவாகத்தான் சொல்வேன்.

உன் லைசென்ஸ் நகலை மறக்காமல் அனுப்பு. அன்று காலை போன் செய்யாதே, சோதனைத் தட்டில் வைத்த போன் அடித்தால் எனக்குப் பேச்சு வராது. அல்லாஹ் உன்னைக் காற்றிலும் மழையிலும் காப்பானாக.

உன் அத்தா,
முகமது உசேன்
(டிக்கெட்டில் உள்ளபடியே)