டோபி என்று சொன்னேன்

12 நவம்பர் 1983, சனி.

நாலெட்டு நடந்தாலே எனக்கு மூச்சு வாங்குகிறது என்று இவர் இன்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் இவருடைய வேலையைக் கேட்டார். பாய்லர் குழாய்களுக்குக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், சுற்றும் வேலை, கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்றார் இவர். அந்தத் தூசு துணியோடு வீட்டுக்கு வரும், வருஷங்கள் கழித்து நெஞ்சைப் பிடிக்கும் என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, "இவர் துணியை யார் துவைக்கிறது?" என்று கேட்டார்.

இவர் முகம் சுருங்கிவிட்டது.

"டோபி," என்றேன்.

அப்படியானால் பழைய டி.பி. தழும்பாக இருக்கலாம் என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

பஸ்ஸில் இவர் கேட்டார், "நமக்கு ஏது டோபி?"

"உங்களாலதான் வந்ததுன்னு டாக்டர் எழுதி, அதை நீங்க பார்க்கணுமா?"



கிட்வாய் நகரில் இறங்கி வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு சரோஜ் வாசலில் தன் புருஷனின் சட்டையை உதறிக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. அவள் புருஷனும் இவரோடு அதே பாய்லரில்தான். தூசு வெள்ளையாகப் பறந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் பூட்டைத் திறந்து உள்ளே போனேன். சொன்னால், இவரால்தான் எனக்கு வந்தது என்று இவர் எதிரிலேயே சொன்னதாகிவிடும்.

இவர் உள்ளே வரவில்லை. வாசலில் திக்கித் திக்கி ஹிந்தியில் பேசுவது கேட்டது. "உதறாதே பேட்டா. தண்ணியில முக்கிடு. குழந்தையை உள்ளே விடு. என் சட்டையைத் துவைச்சுத்தான் ஆன்ட்டிக்கு இப்படி ஆச்சு."

இவர் காதில் விழக்கூடாது என்று மறைத்ததை இவரையே சொல்ல வைத்துவிட்டேன். சரோஜிடம் நானே சொல்லியிருக்கலாம். இவர் இன்னும் சாப்பிடவில்லை.