கருப்பையாவுக்கு நான் கற்றுத்தந்த சொல்

செப். 3, புதன்

ஏழு மணிக்கே வெயில். குழாயில் தண்ணீர் இல்லை. கீழேயிருந்து இரண்டு வாளி தூக்கி வந்தேன். நாற்பத்தொன்பது வயதில் தொண்டு செய்ய வந்தவள் மாடி அறைக்குச் சம்மதித்திருக்கக் கூடாது.

வாங்க: கொசுவத்தி, துணி சோப்பு, தடித்த அட்டை, முழங்காலுக்குத் தைலம்.

மறுவாழ்வு நிலையத்தில் மற்ற இரு வெளிநாட்டுத் தன்னார்வலர்களுக்கும் இருபத்துமூன்று வயது. நோயாளிகளோடு சிரித்துப் படம் எடுக்கிறார்கள். படம் எடுத்தால் பேச்சு வருமா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. பெஞ்சில் காத்திருந்த இரு பெண்கள், எனக்குக் கேட்காது என்று நினைத்து:

"சம்பளம் இல்லாமயா மலேசியாலேர்ந்து வந்துருக்காக?"

"அங்க சம்பளம் வாங்கி வாங்கிச் சலிச்சுப் போயிருக்கும்த்தா."

தவறென்று சொல்ல முடியாது. ஈப்போவில் இருபத்துநான்கு வருடம் பேச்சுப் பயிற்சியாளர். சலிப்பும் ஒரு காரணம்தான்.

கருப்பையாவுக்கு இன்று பயிற்சியில் இருபதாவது நாள். (இனி க.) கந்தர்வக்கோட்டைக்கு அப்பால் முந்திரிக்காடு வைத்திருப்பவர். நான்கு மாதம் முன்பு காட்டிலேயே பக்கவாதத்தில் விழுந்தார். வலக்கை, வலக்கால் போயின. பேச்சு முழுதும் போயிற்று. பிறர் சொல்வது புரிகிறது, பெரும்பாலும். பதினோராம் நாளில் முதல் சொல் வந்தது. டீ கிளாசைக் காட்டி நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்: "வேணும்." அவர் மனைவி அஞ்சலை அழுதாள். நான் டீயை மேசையில் சிந்திவிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

இன்று: டீ, வேணும். தண்ணீர், வேணும். ரேடியோ, வேணும். தெளிவு கூடியிருக்கிறது.

அவர் வலப் பாதத்தில் கட்டு. சர்க்கரைப் புண். உடற்பயிற்சி பார்க்கும் ரேவதி முகம் சுளித்தாள். "மேடம், வாடை சரியில்ல. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்." அனுப்பினோம்.

செப். 8, திங்கள்

தூறல், நின்றது, புழுக்கம்.

காலையில் ரேவதியிடம் "பசியாறியாச்சா?" என்றேன். அவள் சிரித்தாள். "எங்க ஊர்ல கடற்கரைப் பக்கம் பாய்மாருங்க வீட்ல கேப்பாங்க மேடம் இப்டி." எங்கள் வீட்டுச் சொல் இங்கே இன்னொரு வீட்டில் இருக்கிறது.

பதினொரு மணிக்கு அஞ்சலையின் போன். காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமாம். தள்ளிப்போட்டால் விஷம் மேலே ஏறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை. லீவு கிடைக்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே சொன்னாள்: "அப்பாட்டக் கேளும்மா. அவரு வேணாம்னா வேணாம். அவரக் கேக்காமக் கைய வச்சா சென்மத்துக்கும் பேச மாட்டாரு."

"பேசலைன்னு தானடா இம்புட்டுப் பாடுன்னு சொன்னேன் டீச்சரு," என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது. பிறகு: "அவுக பேச்சு ஒங்களுக்குத்தான் வெளங்கும். நீங்க வந்து கேட்டுச் சொல்லுங்க. நீங்க சொன்னா கையெழுத்துப் போடுறேன்."

இது என் வேலையா? ஈப்போவில் என்றால் மூன்று பேர் கூடிச் சோதித்து அறிக்கை எழுதுவோம். இங்கே நான் ஒருத்தி.

செப். 9, செவ்வாய்

வார்டு. மின்விசிறி ஓடுகிறது, காற்று வரவில்லை. அவசரப்படாமல் செய்தேன். அடுத்த கட்டிலுக்கு வந்தவர்களை வெளியே நிற்கச் சொன்னேன். காலைத் தொட்டுக் காட்டி, படம் வரைந்து, எங்கே எடுப்பார்கள் என்று கோடு போட்டு விளக்கினேன். புரிந்துகொண்டார் என்றே தோன்றியது.

அவருக்குத் தெரிந்த சொல்லிலேயே பதில் வரும்படி கேள்வியை அமைத்தேன். "எடுக்க வேணுமா, வேணாமா?"

"வேணும்."

முதலில் கேட்ட சொல்லைச் சொல்கிறாரோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, மாற்றிக் கேட்டேன். "வேணாமா, வேணுமா?"

"வேணும்."

கால் மணி கழித்து மறுபடி. "வேணும்."

கண்ணில் நீர் வழிந்தது. பக்கவாதக்காரர்களுக்குக் காரணமில்லாமலும் கண்ணீர் வரும் என்று அஞ்சலையிடம் சொன்னேன். என் மணிக்கட்டை இடக்கையால் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாக எடுத்துவிட வேண்டியிருந்தது. குறிப்பில்: இடக்கைப் பிடி நன்று.

டாக்டரிடம் சொன்னேன்: நோயாளி சம்மதிக்கிறார். அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள்.

செப். 10, புதன்

எடுத்தாயிற்று. நல்லபடி என்று ரேவதி சொன்னாள். தைலம் வாங்க மறந்தேன்.

செப். 13, சனி

பிற்பகல் போனேன். பிழைத்துவிட்டார், காய்ச்சல் இறங்கிவிட்டது. இதுவரை போர்வை மூடியே இருந்ததாம். இன்று கட்டு மாற்ற நர்ஸ் போர்வையை விலக்கினார். க. தலையைத் தூக்கிப் பார்த்தார். வெகு நேரம்.

"வேணாம்," என்றார்.

தெளிவாக. மகரம் உட்பட. நான் கற்றுத்தராத சொல்.

மறுபடியும், என்னைப் பார்த்து: "வேணாம்."

ரேவதி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மேடம், புது வார்த்தை! தானா வந்துருக்கு!" முன்னேற்றப் படிவத்தில் அதை எழுத வேண்டும். எழுதினேன்.

செப். 14, ஞாயிறு

மழை. வெளியே போகவில்லை. பயிற்சி நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

காட்டிய அட்டைகள்: டீ. தண்ணீர். வெற்றிலை. ரேடியோ. குளியல். துண்டு. மகனின் போட்டோ. வாழைப்பழம். விசிறி.

எல்லாம் அவருக்குப் பிடித்தவை. அஞ்சலையைக் கேட்டுத்தான் எடுத்தேன். ஜெயித்தால் ஊக்கம் வரும், பாடப்புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது. இத்தனை நாளில் ஒருமுறைகூட அவர் மறுக்கக்கூடிய ஒன்றை முன்னே வைக்கவில்லை. பாகற்காய்ச் சாறு வைத்திருக்கலாம். ஊசி வைத்திருக்கலாம். மறுக்க வழி இல்லாத ஒருவரிடம், மறுக்கிறீர்களா என்று மூன்று முறை கேட்டிருக்கிறேன். வாயில் இருந்தது ஒரே சொல். எது கேட்டாலும் அதுதான் வந்திருக்கும். உங்களைக் கொல்லவா என்று கேட்டிருந்தாலும்.

நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. நிலையத்தின் ஆண்டறிக்கையை நம்பவில்லை, அந்தத் தன்னார்வப் பிள்ளைகளின் படங்களை நம்பவில்லை. இதை மட்டும் நம்பினேன். என் வெற்றி என்பதால்.

கையை அப்படிப் பிடித்தாரே.

சாப்பிடவில்லை. ஈப்போவிலிருந்து தங்கை அழைத்தாள், எடுக்கவில்லை.

செப். 22, திங்கள்

க. வீட்டுக்குப் போய்விட்டார். பயிற்சிக்கு வரவில்லை. அஞ்சலை போனில்: "எதைக் குடுத்தாலும் வேணாங்கிறாக டீச்சரு. ஒரு வாய் கஞ்சி ஊட்டுறதுக்குள்ள பாதி நாளு போயிருது. நீங்க வந்தா தேவல."

அவளிடம் சொல்ல வேண்டும். என் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டவள். சொன்னால் அந்தப் பாரம் அவள் தலையிலும் ஏறும். சொல்லாவிட்டால் என் தலையில் மட்டும். இதில் எது நேர்மை, எது எனக்குச் சுலபம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அடுத்த மாதக் கடைசியில் விசா முடிகிறது. பேசாமல் போய்விடவும் முடியும்.

செப். 27, சனி

வெயில், காற்று. ரேவதியின் ஸ்கூட்டரில் கந்தர்வக்கோட்டை தாண்டி ஆறு கிலோமீட்டர். இரு பக்கமும் முந்திரி. ரேவதி வண்டியை நிழலில் விட்டு, போன் பேச அங்கிட்டுப் போய்விட்டாள்.

க. கட்டிலில், சுவரைப் பார்த்தபடி. "வணக்கம்" என்றேன். திரும்பவில்லை. ரேடியோ வைக்கட்டுமா? "வேணாம்." தண்ணீர்? "வேணாம்." நான் போகட்டுமா என்று கேட்கத் தைரியம் இல்லை. அரை மணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதுகு மெலிந்திருக்கிறது.

பின்பக்கம், பாத்திரம் கழுவும் இடத்தில் அஞ்சலையிடம் சொன்னேன். பாதியில் நிறுத்தாமல் சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை, நான் கற்றுத்தந்தது அந்த ஒரு சொல்தான், அதனால்தான் அது வந்தது, தவறு என்னுடையது.

தேய்த்துக்கொண்டிருந்த சட்டியை அவள் கீழே வைக்கவில்லை.

"தெரியும் டீச்சரு."

எனக்கு விளங்கவில்லை.

"முப்பத்தோரு வருசமாப் பாக்குற மூஞ்சி. வேணாங்கிறாகன்னு எனக்குத் தெரியாதா? ஒங்க கையப் புடிச்சப்பவே தெரியும்." சாம்பலை மறுபடி தொட்டுத் தேய்த்தாள். "வாயி வேணும்னு சொல்லுச்சு. நீங்களும் ஆமான்னீக. எனக்கு அது போதுமாயிருந்துச்சு. மவன்கிட்டச் சொல்ல ஒரு வார்த்தை வேணும்ல."

கழுவி வைத்திருந்த கிண்ணம் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"காலு இல்லாட்டி என்ன, எனக்கு ஆளு வேணும் டீச்சரு. எனக்குத் தெரியும்னு அவுகட்ட மட்டும் சொல்லிப்புடாதீக. ஒங்க மேல இருக்க கோவம் ஒங்க மேலயே இருக்கட்டும். நீங்க ஊருக்குப் போயிருவீக. நான் இங்கனதான் கெடக்கணும்."

சரி என்றேன்.

எழுந்து கை கழுவினாள். சாப்பிடாமல் போகக் கூடாது என்று உள்ளே உட்காரவைத்தாள். சோறு, கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய். கட்டில் நான்கடி தள்ளி. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

"போதும், வேணாம்," என்றேன், கையால் இலையை மறைத்து.

"கெடக்கு, சாப்புடுங்க," என்று என் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி வைத்தாள்.