ஒளிராத புள்ளி

தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டாய். எடுத்தாலும் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் மடித்தாலும் மீதி உள்ளேயேதான் இருக்கும்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. ஆய்வகக் கூரை இந்த மழைக்கும் ஒழுகியது. கருவிகள்மேல் பிளாஸ்டிக் விரித்து வேலை பார்க்கிறோம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி. எனக்கு ஒன்றுமில்லை.

நேற்று மாமியார் போனில் வாய்தவறி, "சின்னவளுக்கு மாசம் நெருங்கிடுச்சு" என்றார். உடனே, "ஐயையோ, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்களே" என்று மென்று முழுங்கினார். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கண் பட்டுவிடும் என்று மறைத்திருக்கிறீர்கள். உன் அண்ணி மடித்து வைத்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

கண் படாது. ஆனால் அண்ணனும் தம்பியும் அக்கா தங்கையைக் கட்டியிருக்கிறோம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பையன் போனபோது உனக்குக் காரணம் சொல்ல வந்தேன். "பாடம் எடுக்காதேண்ணே, ஊர் என்சைமெல்லாம் அளக்கிறியே, பெத்த பிள்ளையைக் காப்பாத்த முடிஞ்சுதா?" என்றாய், கூடத்தில் அத்தனை பேர் முன்னால். அன்று நிறுத்தியதை இன்று முடிக்கிறேன்.

உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஆயிரக்கணக்கான நொதிகள், நீ சொன்ன அந்த என்சைம்கள், உண்டு. ஒவ்வொன்றும் மடிந்து சுருண்ட ஒரு புரதம். நடுவே ஒரு குழி. தனக்குரிய பொருள் வந்து அந்தக் குழியில் உட்கார்ந்தால் அதை வேறொன்றாக மாற்றி வெளியே விட்டுவிடும். தான் மட்டும் மாறாது. அடுத்ததற்குத் தயாராகிவிடும். உடம்புச் சூட்டில் தானாக நடக்க வருஷக்கணக்கில் ஆகக்கூடியதை நொடிக்குள் முடித்துவிடும்.

பாலில் உள்ள சர்க்கரையை உடம்பு படிப்படியாக மாற்றுகிறது. படிக்கு ஒரு நொதி. எங்கள் பையனுக்கு ஒரு படியில் நொதியின் குழி கோணிப் போயிருந்தது. அதற்கு முந்தைய நொதிக்கு அது தெரியாது. அது பாட்டுக்குச் செய்து தள்ளியது. தேங்கியது விஷமாகி ஈரலைத் தின்றது. பையன் வாந்தி எடுத்தான், மஞ்சள் பூத்தான். அம்மா, "பால் பத்தல, இன்னும் கொடுடி" என்றாள். உன் அண்ணியும் கொடுத்தாள். வீட்டில் எல்லோரும் பிரியமாகத்தான் இருந்தோம்.

அவன் போன பிறகுதான் ரத்தச் சோதனையின் முடிவு தெரிந்தது. இந்தச் சோதனையில் ரத்தத்தை மருந்தோடு கலந்து காகிதத்தில் சொட்டு வைப்போம். நொதி வேலை செய்தால், இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழே அந்தப் புள்ளி நீலமாக ஒளிரும். வரிசையில் மற்றக் குழந்தைகளின் புள்ளிகள் ஒளிர்ந்தன. அவனுடையது ஒளிரவில்லை. எங்கள் இருவர் ரத்தத்தையும் வைத்தேன். இரண்டும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தன. ஆளுக்குப் பாதிக் குறை. உங்கள் எல்லோருக்கும் உன் அண்ணி மட்டும் ராசி கெட்டவள்.

அந்தப் பாதி உன்னிடமும் இருக்கலாம், உன் மனைவியிடமும் இருக்கலாம். இருவரிடமும் இருந்தால்தான் ஆபத்து. குழந்தைக்கு அது வர நம் கணக்கில் பதினாறில் ஒரு பங்கு வாய்ப்பு. பெரும்பாலும் ஒன்றுமிருக்காது.

பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் இன்றே போய், அக்கா குழந்தை பால் சர்க்கரையை மாற்றும் நொதி இல்லாமல் ஈரல் கெட்டு இறந்தது என்று சொல். தொப்புள்கொடி ரத்தமே சோதனைக்குப் போதும். முடிவு வரும்வரை தாய்ப்பால் வேண்டாம். அந்தச் சர்க்கரை இல்லாத மாவு இருக்கிறது, அவர்களே தருவார்கள். யார் அழுதாலும் சரி, குழந்தையே அழுதாலும் சரி.

இதை எழுதும்போது உன் அண்ணி பின்னால் வந்து நின்று படித்தாள். "பால் கட்டிக்கிட்டா நெஞ்செல்லாம் கல்லா வலிக்கும். பயப்படாம பீச்சிக் கொட்டச் சொல்லுங்க. கொட்டிக்கிட்டே இருந்தாத்தான் அப்புறம் கொடுக்கலாம்னு சொன்னா கொடுக்க முடியும்" என்றாள். அவள் அந்த நாட்களைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கச் சொன்னாள்.

உன்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது. அது குழந்தையைச் சேர்ந்ததில்லை.

ஆணா பெண்ணா, யார் சாயல் என்றெல்லாம் எங்களுக்குச் சொல்ல வேண்டாம். கண்ணில் காட்டவும் வேண்டாம். புள்ளி ஒளிர்ந்தது என்று மட்டும் ஒரு வரி அண்ணிக்கு எழுது. ஒளிராவிட்டாலும் எழுது, என்ன கொடுக்கலாம், எப்படி வளர்க்கலாம் என்று எனக்குத் தெரியும். நன்றாக வளரும்.

குழந்தை நல்லபடியாக இருக்கட்டும்.

அண்ணன்