அப்பா கழற்ற மறுக்கும் சக்கரங்கள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் லாரியைத் தவிர. நீயும் நலமாகத்தான் இருப்பாய், படத்தைப் பார்த்துப் பொருள் வாங்குகிறவனுக்கு என்ன குறை. போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம். நீ அனுப்பிய பளபளப்புச் சக்கரங்கள் வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை, தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். மாட்டிய பிறகுதான் தெரிந்தது, சக்கரம் உள்ளே தள்ளி உட்கார்ந்து டயர் ஸ்பிரிங்கில் உரசுகிறது. அளவு கேட்டு ஒரு போன் செய்திருக்கலாம், ஆனால் எல்லாம் தெரிந்த பிள்ளை யாரைக் கேட்க வேண்டும்!

உன் அக்கா வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா, சக்கரத்தை மாட்டுகிற ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஸ்பேசர் என்று ஒரு தடித்த வளையத்தைச் செருகிச் சக்கரத்தை வெளியே தள்ளிவிட்டார். இப்போது உரசவில்லை, வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது, மழை பெய்தால் சேறெல்லாம் கதவில்தான். அதுகூடப் போகட்டும். வளையம் இடத்தை அடைத்துக்கொண்டதால் நட்டு, போல்ட்டின் நுனியை மட்டும் பிடித்திருக்கிறது. டயர் கடைக்காரர் பார்த்துவிட்டு, "இது புடிச்சு நிக்கலம்மா, சும்மா தொட்டுக்கிட்டு நிக்குது" என்றார். மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்து அந்தக் கடைப் பக்கமே போவதில்லை.

போன வாரம் அப்பா பீரோவும் கட்டிலும் ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் உதறியிருக்கிறது. இறங்கிப் பார்த்தால் நட்டெல்லாம் விரலால் சுற்றலாம்போல் தளர்ந்திருந்ததாம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, கூடப் போன சுமைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பழைய சக்கரங்கள் மாடிப்படிக்குக் கீழே நன்றாகத்தானே கிடக்கின்றன, அவற்றைப் போடுங்கள் என்றால், "புள்ள ஆசையா அனுப்பினது, கழட்டினா அவன் மனசு நோகும்" என்கிறார். காலையில் எழுந்ததும் நட்டை முறுக்கிவிட்டுத்தான் பல்லே தேய்க்கிறார். உன் மனசு நோகக்கூடாது, என் வயிறு மட்டும் எரியலாம். லாரிச் சத்தம் கேட்கும்வரை எனக்கு ஒரு வாய் சோறு இறங்குவதில்லை.

நான் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார், நீ சொன்னால் மறுபேச்சே கிடையாது. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல், "அப்பா, நான் வாங்கியது தப்பு, கழற்றிப் போடுங்கள்" என்று சொல். தப்பு என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை, நாக்கு கூசும், கூசட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு, இதற்குப் பதிலாக வேறெதையும் வாங்கி அனுப்பித் தொலைக்காதே. கடிதம் கைக்கு வந்த அன்றே பேசு. அதுவரைக்கும் அவர் அந்தச் சக்கரத்தில்தான் போய்வருவார்.

இப்படிக்கு,
உன் அம்மா