பெரிய கொலுசு

ஏனுங்க,

குடகுல மழை விட்டுதுங்களா?

போன கடுதாசியில, பிலோமிக்குக் காலு புசுபுசுன்னு ஆயிருச்சு, கொலுசு இறுக்குது, பெருசா வாங்கியாங்கன்னு எழுதியிருந்தனுங்க. ஆஸ்பத்திரியில தேத்தி அனுப்புன புள்ள, சதை போடுதுன்னுதான் நெனச்சேன். கண்ணு படுமேன்னு கன்னத்துல மையும் வெச்சேன்.

நர்சு சிஸ்டர் ஊட்டுக்கு வந்து, காலை விரலால அமுக்கிப் பார்த்தாங்க. குழி அப்படியே நின்னுச்சு.

"இது சதையில்ல கண்ணு, நீரு. ஆஸ்பத்திரியில குடுத்துவிட்ட பால் பவுடரு குடிச்சாளா?"ன்னாங்க.

பெரியவன் பார்த்துட்டே நிப்பானுங்களே. ரெண்டு பேருக்கும் தண்ணியாக் கலக்கித்தான் குடுத்தேன்.

மறுபடியும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கறோம். பயந்துறாதீங்க, நீரு வடிஞ்சுருச்சு. கொலுசு மட்டும் வாங்கிராதீங்க. காலைத் தூக்குனா, பழசே முழங்கால் தாண்டி ஏறுதுங்க.

உங்க புள்ளைகளோட அம்மா